சாரல் காற்றுக்கு வளைத்த தட்டுகள்

தென்காசி
அட்சய வருஷம் ஆடி மாதம் 28, புதன்கிழமை
13-8-1986

மாம்பலம் ஸ்ரீமான் ராமசேஷன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற தாலுகா சர்வேயர் விஸ்வேஸ்வரன் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் மனைவி அகிலாண்டேஸ்வரி, பெண் நீலா மூவரும் சௌக்கியம். ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் குறைவில்லாமல் விழுகிறது. அங்கே தாங்கள், மாமி, பெங்களூரில் தங்கள் குமாரன் சிரஞ்சீவி சந்தானகிருஷ்ணன் அனைவருடைய க்ஷேமத்தையும் குழல்வாய்மொழி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறேன். தங்கள் மூக்குக் கண்ணாடியின் க்ஷேமத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால் என் மனசு ஆறும். இந்தக் கடிதத்தை 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். கல் நடாத இடத்தில் எல்லை எழுதக் கூடாது என்று முப்பத்துநாலு வருஷம் ஊர் பூராவும் சொல்லித் திரிந்தவன், சொந்த விஷயத்தில் அவசரப்படுவது நன்றாக இராது.

எழுத வந்த விஷயம் இரண்டு. ஒன்று விண்ணப்பம், இன்னொன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது. விண்ணப்பம் என்னவென்றால், ஆவணி 25 நிச்சயதார்த்தத்துக்குத் தோதான நாள் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருக்கிறார். தாங்கள் மனமிரங்கிச் 'சரி' என்று ஒரு கார்டு போட வேண்டும். குற்றத்தை உடனே சொல்லத் தைரியம் வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அது வரும் இடத்தில் வரட்டும். பாதியில் கோபம் வந்தாலும் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

தாங்கள் ஆனி மாசக் கடைசியில் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தபோது, அதற்கு முன்னால் பதினோரு வரன்கள் வந்து போயிருந்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை. பதினோரு பேரும் பஜ்ஜி தின்றார்கள், பதினோரு பேரும் 'பொண்ணு பாடுமா?' என்றார்கள். நீலா பாடினாள். தகப்பன் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன், அவள் பாட்டு கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஃபிசிக்ஸில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணுக்குச் சாரீரமும் வேண்டும் என்று கேட்டால் பகவான்தான் என்ன செய்வான்? ஆனால் தங்கள் குமாரன் பாடச் சொல்லவில்லை. தோள்பையைத் திறந்து, கலர் கலராக ஆறு பிளாஸ்டிக் தட்டை எடுத்து வைத்து, "அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பார்க்கில் இதுதான் எங்களுக்கு வேலை. தூரத்தில் ஒரு கம்பம், அதில் இரும்புச் சங்கிலி தொங்கும் கூடை. இருநூறு முந்நூறு அடியிலிருந்து இந்தத் தட்டை எறிந்துகொண்டே போய்க் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த எறியில் போட்டவர் கெட்டிக்காரர். வாங்கோ, வெளியே போய் எறிந்து பார்க்கலாமா?" என்று நீலாவைக் கேட்டார். என் மனைவி காபி டபராவை அப்படியே கீழே வைத்துவிட்டாள். எனக்கோ, சங்கிலி என்ற வார்த்தையைக் கேட்டதுமே பையனைப் பிடித்துப்போய்விட்டது. நானும் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்துச் சாப்பிட்டவன்தானே.

அப்புறம் நடந்தது தங்களுக்கே தெரியும். குத்துக்கல்வலசையில் ரிட்டயர்டு ஹவில்தார் சிவனணைந்தபெருமாளின் தரிசு வயலுக்கு எல்லோரும் போனோம். தங்களுக்கு நாற்காலி போட்டது நான். அதை இடது பக்கமாகப் போட்டதும் நானே. சாரல் சீசனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று என்ன செய்யும் என்பது மாம்பலத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை; வேட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் இந்த ஊரில் நடக்க முடியாது. நீலா எறிந்தாள். தட்டு கொஞ்ச தூரம் நேராகப் போவதுபோல் பாவனை பண்ணி, சட்டென்று இடது பக்கம் சரிந்து, தங்கள் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது. தாங்கள் குனிந்து, உடைந்த கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினீர்கள். மாமி மட்டும் "போறது, திருஷ்டி கழிஞ்சது" என்றார்களே, அந்த ஒரு வார்த்தைக்காக அவர்களை ஆயுசு பரியந்தம் மறக்க மாட்டேன்.

தங்கள் குமாரன் புறப்படும்போது ஆறு தட்டையும் நீலாவிடமே கொடுத்து, "பெங்களூரில் கம்பெனி வேலை மூணு மாசம் இருக்கு. ஆவணியில் லீவு போட்டுண்டு வரேன். அதுக்குள்ளே பழகி வெச்சுக்கோங்கோ" என்றார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்கிறாள் என் மனைவி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் தேர்வில் தவறிய பெண்ணுக்கு மறுதேர்வு வைத்திருக்கிறார், தேதியும் சொல்லிவிட்டார், பாடப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டார் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நீலா கிணற்றடியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அப்பா, இவர் என்னைப் பாடச் சொல்லலே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு வரன் வந்து போன வீட்டில் அந்தப் பெண் தானாக வாயைத் திறந்து ஒரு வரனைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. இந்த வரன் கைநழுவினால் என்னால் தாங்க முடியாது, ராமசேஷன் சார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். என் பழைய சர்வே சங்கிலியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி, அதில் லிங்க் என்கிற கண்ணி நூறு. வயலின் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, கொடி நட்டு, தட்டு விழுந்த இடத்துக்கு நேர்கோட்டிலிருந்து எத்தனை லிங்க் விலகல் என்று ஒவ்வொரு எறிக்கும் அளந்து புஸ்தகத்தில் பதிந்தேன். கூடைக்குப் பதில் என் மனைவியின் பனையோலைப் பெட்டியைச் சர்வே கம்பத்தில் கட்டிவைத்தேன். ஏழு நாளில் இருநூற்றுப் பத்து எறி. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் இருநூற்றுப் பத்துக் கோடும் ஒரு சங்கிலி பத்து லிங்க்குக்குள் இடது பக்கம் மடங்கிக் கீழே விழுகிறது. முதலில் மட்டும் ஒரு கோடு வலது பக்கம் காட்டியது; அது ஹவில்தாரின் நாய் கவ்விக்கொண்டு போனது என்று பிற்பாடு திருத்தினேன். நீலா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதானே தப்புப் பண்றது? அப்போ தப்பு ஒழுங்கா இருக்கு. ஒழுங்கா இருக்கற தப்பைச் சரி பண்ணிடலாம். என் கையை மாத்த முடியலேன்னா தட்டை மாத்தலாமே" என்றாள். சர்வே டிபார்ட்மெண்டில் எத்தனையோ டெபுடி டைரக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒருத்தர்கூட இப்படிப் பேசினதில்லை.

தட்டை மாற்றுகிற வேலையை முதலில் நான்தான் எடுத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் சாய்கிறது என்றால் வலது பக்கம் பாரம் ஏற்ற வேண்டியதுதானே என்று, சுற்றிக்கொண்டே போகிற தட்டுக்கு வலது பக்கம் இடது பக்கம் ஏது என்பதுகூடத் தோன்றாமல், ஈயத் துண்டு ஒன்றை அதில் ஒட்டி எறியச் சொன்னேன். அது வெட்டுப்பட்ட கோழிபோல உதறிக்கொண்டு ஹவில்தாரின் கிணற்றுக்குள் போய் விழுந்தது. ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். "என்ன சாமி, கெணத்துக்குள்ள என்னத்த வீசியிருக்கிய? பட்டாளத்துல கண்ணிவெடிய இப்படித்தான் வட்டமா வச்சிருப்பான். எங்க வீட்டுப் பொம்பளைய தண்ணி இறைக்கப் பயப்படுதாவ" என்றார். பாதாளக்கரண்டி போட்டு இரண்டு மணி நேரம் துழாவியதில் அவர் வீட்டில் ஆறு வருஷமாகக் காணாமல்போயிருந்த செம்பு கிடைத்தது, எங்கள் தட்டும் கிடைத்தது. செம்பு கிடைத்த சந்தோஷத்தில் அவர் வயலை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அடுத்தபடியாக, காற்று உள்ளே புகுந்து வெளியே போனால் தட்டைத் தள்ளாது என்று கணக்குப் போட்டு, ஆசாரியிடம் கொடுத்து ஒரு தட்டில் எட்டு ஓட்டை போட்டேன். அது பறக்கும்போது ஊ என்று ஒரு விசில் சத்தம் கொடுத்தது. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த மாடுகள் கலப்பையோடு ஓடின. "ஏன்னா, பொண்ணு ஜாதகத்துல ஒண்ணும் தோஷமில்லே. தோப்பனார் ஜாதகத்தைத்தான் பார்க்கணும்" என்றாள் என் மனைவி. ஆறு தட்டில் ஒன்றை ஓட்டையாக்கியவன், அதைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சைதூன் பீவி வந்தாள். பிளாஸ்டிக் குடம், வாளி உடைந்தால் பழுக்கக் காய்ச்சின கம்பியை வைத்து ஒட்டித் தருகிறவள். வாரத்தில் ஒரு நாள் எங்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். ஐம்பது வயசிருக்கும். ஓட்டைத் தட்டை அடைக்க முடியுமா என்று கேட்கக் கூப்பிட்டேன். அவள் தட்டை வாங்கி விரலால் சுண்டிச் சத்தம் கேட்டாள், முகர்ந்து பார்த்தாள், விளிம்பை நகத்தால் கீறினாள், வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இதுல யாரு சாமி ஓட்டை போட்டது?" என்றாள். யாரோ என்றேன். "நல்ல பொருள நாசம் பண்ணிட்டான், வெளங்காதவன். இது கொடத்துப் பிளாஸ்டிக் இல்ல, வேற சரக்கு. நெருப்பக் காட்டினா சுருண்டுபோவும். வெந்நில போட்டுப் பதமா வழிக்குக் கொண்டாரணும். அது சரி, இத வச்சு என்ன செய்யுதிய?" என்றாள். நீலா அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கள் குமாரனைப் பற்றியும் சொன்னாள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பீவி அன்று மற்றத் தெருக்களுக்குப் போகவே இல்லை. என் மனைவியைப் பார்த்து, "யம்மா, வெந்நி அடுப்ப மூட்டுங்க" என்றாள். எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையில் வீட்டு மனுஷாளைத் தவிர வேறு யார் கைவிட்டாலும் முகம் சுளிக்கிற அகிலாண்டம், ஒரு வார்த்தை பேசாமல் போய் அடுப்பை மூட்டினாள்.

அந்த வேலையைப் பார்க்கத் தாங்கள் கொடுத்துவைக்கவில்லை. கொதிக்கிற தண்ணீர் ஆகாதாம், கை பொறுக்காத சூடு மட்டும் போதுமாம். அதற்குள் தட்டை முக்கி, பீவி வாய்க்குள்ளே ஏதோ எண்ணுவாள். எடுத்த எடுப்பில் இரண்டு கட்டைவிரலையும் உள்விளிம்பில் கொடுத்து, தட்டைச் சுற்றிச் சுற்றி, வெளி ஓரத்தை மயிரிழை கீழே மடக்குவாள். கவிழ்த்த சட்டியின்மேல் வைத்து நடுவயிற்றைக் கொஞ்சம் உப்பலாக்குவாள். அப்புறம் ஒரே முக்கு, பச்சைத் தண்ணீரில். எவ்வளவு மடக்கினாள் என்று என் ஸ்கேலால் அளக்க முடியவில்லை. ஆனால் வயலில் எறிந்தபோது, இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்த தட்டு சாயாமல் மிதந்துகொண்டு போயிற்று. ஒரு சங்கிலி எழுபது லிங்க்! நான் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினேன். அந்தம்மாள் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தக் கைக்கு நான் நூறு நமஸ்காரம் பண்ணுவேன்.

அதற்குப்பின் பத்து நாள் எங்கள் கொல்லைப்புறம் ஒரு தொழிற்சாலையாகிவிட்டது. நீலா வரைபடத்தைப் பார்த்து, "பீவி, இந்த மஞ்சள் கடைசி இருபது லிங்க்ல சரியறது" என்பாள். பீவி தட்டைத் தடவிப் பார்த்து, "ஓரத்துல ஒரு வரம்பு தட்டுது பாரும்மா. அதத் தேச்சுவிடு" என்பாள். நீலா உப்புத்தாளை வைத்து அரை நாள் தேய்ப்பாள். தேய்த்தது மறுநாள் இன்னும் பத்து லிங்க் சாதுவாகப் போகும். ஒன்று மெதுவாக மிதக்கும், ஒன்று முரண்டு பிடித்து நேரே போகும், ஒன்று வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பின்னால் விழும். ஐந்து தட்டுக்கும் ஐந்து குணம் வந்துவிட்டது. புஸ்தகத்தில் நான் எழுதியதைவிடத் தெளிவாக நீலா எழுதியிருந்தாள். இந்தப் பெண்ணை எதற்காகப் பதினோரு தடவை ஜமுக்காளத்தில் உட்காரவைத்துப் பாடச் சொன்னோம் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆனால் இரண்டு சங்கிலியைத் தாண்டவில்லை. அங்கேதான் நான் சொல்ல வேண்டிய குற்றம் வருகிறது. ஒருநாள் பீவி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "சாமி, ஒண்ணு கேக்கட்டா? பாப்பா வாளியத் தூக்குதது இடக்கை. உப்புத்தாள் தேய்க்குதது இடக்கை. அடுப்புல வெறகு தள்ளுததும் இடக்கை. எறியதுக்கு மட்டும் எதுக்கு வலக்கை?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வேலை தட்டோடு நிக்கட்டும்" என்று கத்திவிட்டேன். நீலா தலையைக் குனிந்துகொண்டாள். பீவிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "தட்டு வேலதான் சாமி கேக்கேன். எந்தக் கைக்குச் செய்யுதோம்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

ராமசேஷன் சார், ஜாதகத்தோடு தங்களுக்கு அனுப்பிய விவரத்தில் என் பெண்ணின் உயரம், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் எழுதினேன். அவள் பிறவியில் இடதுகைக்காரி என்பதை எழுதவில்லை. மறைத்தேன். மூன்று வயசில் அவள் இடது கையால் சாதத்தை எடுத்தபோது அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவைத்தவன் நான். பிரசாதம் வாங்க, பேனா பிடிக்க, பெரியவர்களுக்குக் காபி கொடுக்க எல்லாவற்றுக்கும் வலது கை, வலது கை என்று விரட்டி, அவளுக்கு அது பழகியும் போயிற்று. பழகிப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு எதிரே எறியும்போதும் 'வலது கை' என்று ஜாடை காட்டினது நான்தான். அந்தத் தட்டு உங்கள் கண்ணாடியில் பட்டதற்கு நீலா பொறுப்பில்லை, நான் பொறுப்பு. குழந்தை கையைக் கட்டினவன் நான் என்று எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது. கிழித்து எழுத இனித் தாள் இல்லை, அப்படியே விடுகிறேன்.

அன்று அகிலாண்டம்தான் கொல்லைக் கதவருகிலிருந்து, "எறியேண்டி, இங்கே எந்தச் சம்பந்தி உக்காந்திண்டிருக்கா?" என்றாள். வயலுக்குப் போனோம். நீலா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு, சரி என்றேன். எறிந்தாள். அம்மம்மா, அது ஒரு வேகம்! ஆனால் தட்டு பாதி வழியில் அப்படியே குப்புறப் புரண்டு, ஹவில்தாரின் வைக்கோல்போருக்குள் செருகிக்கொண்டது. அடுத்ததும் புரண்டது, அதற்கடுத்ததும் புரண்டது. எனக்கு உயிர் போய்விட்டது. நீலாவோ சிரிக்கிறாள். "அப்பா, புரியலையா? தெம்பில்லாத கைக்காக இதையெல்லாம் சாதுவாக்கி வெச்சோம். இந்தக் கை வீசற வீச்சை இதால தாங்க முடியலே. தட்டு பயந்துபோய்ப் புரள்றது!" பீவி அதற்குள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். "பாப்பா, அம்மாவ வெந்நி வைக்கச் சொல்லு. அம்புட்டையும் திரும்பச் செய்யணும். இந்தக் கைக்கு முரட்டுத் தட்டாத்தான் இருக்கணும்" என்றாள்.

பத்து நாள் வேலையை இரண்டே நாளில் தலைகீழாக மாற்றினார்கள். கீழே மடக்கின ஓரத்தை மேலே நிமிர்த்தினார்கள். உப்பலாக்கின வயிற்றைத் தட்டையாக்க, வெந்நீரிலிருந்து எடுத்த சூட்டோடு என் ட்ராயிங் போர்டின் மேல் வைத்து, ஆபீஸில் கழித்துவிட்டு எங்கள் கொல்லையில் கிடந்த எல்லைக்கல் ஒன்றைத் தூக்கிப் பாரம் வைத்தார்கள். தேய்த்துத் தேய்த்து ரொம்பவே சாதுவாகிப்போன மஞ்சளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 'கிட்டத்துல போட ஒண்ணு வேணும்' என்றாள் நீலா. போன வெள்ளிக்கிழமை, சாரல் காற்று எதிரே அடிக்க, நீலா இடது கையால் சிவப்புத் தட்டை எறிந்தாள். அது நெளியவில்லை, புரளவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு தாழ்வாகவே போய், கடைசியில் சற்றே வலது பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தது. மூன்று சங்கிலி பதினைந்து லிங்க்! இரண்டு தடவை அளந்தேன். ஹவில்தார் அவராகவே அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்தார். அடுத்த எறியில் மஞ்சள் தட்டு பனையோலைப் பெட்டிக்குள் விழுந்தது. பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெறகுப் புகை" என்றாள். வயலில் ஏது விறகு? எனக்கும் அதே புகைதான்.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பெண் இடதுகைக்காரி. அது ஒரு குறையென்று நினைத்து மறைத்தது என் அற்பப் புத்தி. தங்கள் வீட்டில் இதைக் குறையாக எடுத்துக்கொள்வீர்களோ என்று அகிலாண்டம் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காபி கொடுப்பது, கோலம் போடுவது, ஆரத்தி எடுப்பது எல்லாம் வலது கையால்தான் செய்வாள், அதற்கு நான் உத்தரவாதம். எறிவது ஒன்றுக்கு மட்டும் தாங்களும் மாமியும் பெரிய மனசு பண்ணி அந்தக் கையை மன்னிக்க வேண்டும். ஆவணி 25க்குச் சத்திரத்தில் சொல்லிவைத்துவிட்டேன். தங்களிடமிருந்து 'சரி' என்ற ஒரு வார்த்தை வந்தால் இந்த ஜன்மத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரம். சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். தங்கள் புதுக் கண்ணாடி நூறு வருஷம் கீறல் விழாமல் இருக்கட்டும். சாரல் அடங்குவதற்குள் ஒருமுறை வாருங்கள். இந்தத் தடவை நாற்காலியை எங்கே போடுவது என்று அளந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரோடு சிநேகமாக இருக்கும்
விஸ்வேஸ்வரன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி நீலாவிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டாள். துண்டால் கட்டின இடத்தை இரண்டு தடவை படித்தாள் போலிருக்கிறது. பிறகு, "அப்பா, இந்த மன்னிக்கற வரியை அடிச்சுடுங்கோ. என் கையை யாரும் மன்னிக்க வேண்டாம். தேதியையும் அடிச்சுடுங்கோ" என்றாள். அந்தச் சிவப்புத் தட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "இதுல நானும் பீவியும் புதுசா ஒரு வேலை பண்ணியிருக்கோம். அவர் என்ன வேலைன்னு கண்டுபிடிச்சு எழுதட்டும். கண்டுபிடிச்சாத் தேதி பேசலாம். கண்டுபிடிக்கலேன்னா என்னோட விளையாட வரட்டும், கல்யாணத்துக்கு வர வேண்டாம்" என்கிறாள். நீலாவைக் கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தால், வாயில் வந்தது 'பலே' என்கிற வார்த்தை. ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டது எதையும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தட்டு தனிப் பார்சலில் வருகிறது.

என்ன வேலை என்று பீவியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். "அது பொண்ணு வீட்டு ரகசியம் சாமி" என்றாள். நானும் பெண் வீடுதானே என்றேன். "நீங்கதான் மாப்ள வீட்டுக்கு லெட்டர் எழுதுதியளே" என்று போய்விட்டாள். அதனால் நானே தட்டை ஆராய்ந்தேன். அளந்தும் பார்த்தேன், பறப்பதில் ஒரு லிங்க்கூட வித்தியாசம் இல்லை. கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மண் மூடின எல்லைக்கல்லில் வெட்டுக்குறியை விரலால் தடவியே கண்டுபிடித்தவன் நான். இதை நான் சொன்னதாக நீலாவுக்குத் தெரிய வேண்டாம். தங்கள் குமாரனிடம், தட்டின் உள்விளிம்பை இடது கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத்தாளால் தேய்த்த நாலு சின்னப் பள்ளம் இருக்கிறது, நாலு விரலுக்கு. அளவு என் பெண்ணுடைய விரல் அளவு. இதற்கு மேல் ஒரு தகப்பன் எழுதக் கூடாது.